கரடிக்கு விரித்த குடை

"எல்லாரும் சிரிக்கிறாங்க அம்மா" என்றார் ஆவுடையப்பன். "எனக்குப் பயமா இருக்கு."

கோமதியம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சிரிச்சா உங்களுக்கென்ன?"

ஆவுடையப்பனுக்கு மலையேறி வந்த களைப்பு. மூச்சு வாங்கியது. கையில் ஈரம் காயாத ஒரு கூழாங்கல் இருந்தது.

அந்த மலை மடத்தில் அப்படி ஒரு வழக்கம். அடிவாரத்து ஓடையில் ஒரு கல்லை எடுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். மடத்து வாசலில் பழைய சுமைதாங்கி ஒன்று உண்டு. தலைச்சுமைக்காரர்கள் மூட்டையை இறக்கி வைத்து இளைப்பாறிய கல். மனசில் உள்ள பாரத்தை அம்மையிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, கூழாங்கல்லை அதன்மேல் வைத்துவிட்டால் போதும். அதற்கப்புறம் பாரம் அம்மையுடையது. வைத்தவர் கைவீசிக்கொண்டு இறங்கலாம். மகள் கல்யாணம், மூலவியாதி, மாமியார் என்று அதன்மேல் ஒரு குட்டி மலையே சேர்ந்து கிடந்தது.

அம்மை ஆவுடையப்பனைவிட வயதில் நன்றாகவே இளையவர். ஆனாலும் குரு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மலையேறி வந்து, தன்னைச் சீடன் என்று தானே அறிவித்துக்கொண்டவர் ஆவுடையப்பன். அம்மை அவரை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. சாப்பிட வாங்க என்றுதான் சொல்லுவார்.

அந்தச் சீடர், குமரிமுனையில் தொடங்கி மலையோரமாகவே வடக்கே நடந்து போய்வந்து ஒரு புத்தகம் எழுதினார். பெயர் 'கொப்புளப் புராணம்'.

பாளையங்கோட்டையில் ஒரு பல் டாக்டர் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டே வேறு பல்லைப் பிடுங்கிவிட்டாராம். பல்லைப் பறிகொடுத்தவர் கோபப்படாமல் புத்தகத்தை இரவல் கேட்டாராம். அம்பாசமுத்திரத்தில் ஒரு மாப்பிள்ளை, கெட்டிமேளம் முழங்குகிற நேரத்தில் மூன்றாம் அத்தியாயத்தில் இருந்தாராம்.

இதெல்லாம் ஆவுடையப்பனே சொன்னது. அவர் சொல்வதில் பாதியைத் தள்ளி, மிச்சத்தில் பாதியை நம்பலாம்.

எல்லோருக்கும் பிடித்தது கரடி அத்தியாயம்தான்.

மடத்துக்குப் பின்னால் தொடங்கும் காட்டுப்பாதையில் ஒரு கரடி இரண்டு காலில் எழுந்து நின்றதாம். இவர் குடையை அதன் முகத்துக்கு நேரே படக்கென்று விரித்தாராம். கரடி கைகூப்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஒதுங்கி வழி விட்டதாம்.

உண்மையில் அந்தக் கரடி பிறந்தது பஸ்ஸில். காட்டுப்பாதையின் முதல் பாறை வரைக்கும் போன ஆவுடையப்பன், அங்கே ஏதோ சருகு அசைந்த சத்தத்தில் திரும்பி ஓடிவந்துவிட்டார். மழை விடட்டும் என்று ஒரு வாரம் மடத்திலேயே ரசஞ்சோறு சாப்பிட்டார். அப்புறம் மலையைச் சுற்றிப் போகிற பஸ்ஸில் ஏறி, மறுபக்கம் இறங்கி, மறுபடியும் நடந்தார். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருந்தபோது கரடி உதித்தது.

அம்மைக்கு இது தெரியும். ரசம் ஊற்றியவரே அவர்தான்.

"சாத்தூர்லேர்ந்து நேத்து போன் வந்தது" என்றார் ஆவுடையப்பன். "சேவுக்கடைக்காரர். தனுஷ்கோடின்னு பேரு. புத்தகத்தைப் புருஷனும் பெஞ்சாதியும் மாறி மாறிப் படிச்சாங்களாம். விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம்."

"சந்தோஷம்."

"அந்தப் பாதையில போகப் போறோம்னாரு. குடை வாங்கிட்டோம் அண்ணாச்சின்னாரு."

அம்மையின் கை நின்றது.

"சும்மா எழுதினேன், போகாதீங்கன்னேன். சிரிச்சாரு. சத்தியமாச் சொல்றேன்னேன். இன்னும் சிரிச்சாரு. பக்கத்திலே அந்தம்மா சிரிக்கிற சத்தமும் கேட்டுது. இன்னைக்குக் காலையிலேர்ந்து போன் போகவே மாட்டேங்குது."

அவர் கூழாங்கல்லைச் சுமைதாங்கியில் வைத்தார். அது உருண்டு, மாமியார்களுக்கு நடுவே போய் நின்றது.

"இந்தப் பயத்தை எடுத்துக்குங்க அம்மா."

அம்மை எழுந்து வந்தார். அந்தக் கல்லைத் தேடி எடுத்தார். ஆவுடையப்பனின் உள்ளங்கையிலேயே திரும்ப வைத்து விரல்களை மூடினார்.

"இதை நான் வாங்கமாட்டேன். உங்களுக்கு வேண்டியிருக்கும்."

அம்மை யாருடைய கல்லையும் திருப்பிக் கொடுத்து அவர் பார்த்ததில்லை.

"காலையில ரெண்டு பேர் இந்த வழியாப் போனாங்க" என்றார் அம்மை. "குடையோட."

ஆவுடையப்பன் பின்வாசல் பக்கம் பார்த்தார். ஏன் தடுக்கவில்லை என்று கேட்டார்.

"தடுத்தேன். நீங்க எழுதினதை எடுத்து எனக்கே படிச்சுக் காட்டினாங்க."

அந்த நேரத்திலும் அவரால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நீங்க சிரிச்சீங்களா?"

"சிரிச்சுட்டேன். அவங்களுக்கு அது போதுமா இருந்தது."

அம்மை உள்ளே போனார். ஒரு கறுப்புக் கம்பளியைக் கொண்டுவந்து அவர் தலைவழியே போர்த்தினார். மேலே பனி, குளிரும் என்றார். பிறகு பின்வாசல் கதவைத் திறந்துவிட்டு நின்றார்.

அவ்வளவுதான்.

முதல் பாறை வரை ஆவுடையப்பனுக்குப் பாதை தெரியும். அதற்கப்பால் அவர் எழுதிய பாதைதான் தெரியும்.

அவர் எழுதிய பாதையில் வெயில் இருந்தது. மயில் இருந்தது. இங்கே மூடுபனி இருந்தது. பக்கத்து மரம் பாதி தெரிந்தது. அடுத்த மரம் தெரியவே இல்லை.

கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தார். தனுஷ்கோடிக்குக் கேட்டால் நல்லது. வேறு எதற்காவது கேட்டுவிட்டால்? வாயை மூடிக்கொண்டார்.

தரையில் மஞ்சளாய் ஏதோ கிடந்தது. குனிந்து பார்த்தார். சேவு.

கொஞ்ச தூரத்தில் இன்னும் கொஞ்சம் சேவு. அதைத் தாண்டிப் பொட்டலமே கிடந்தது. கிழிந்து கிடந்தது. கையால் பிரித்த கிழிசலாகத் தெரியவில்லை. காகிதம் ஈரமாய், கொழகொழவென்று இருந்தது.

பக்கத்தில் ஒரு கரையான் புற்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. உடைந்த மண்ணில் கரையான்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன.

இதை எழுதினால் எப்படி எழுதலாம் என்று பழக்கதோஷத்தில் மனசு ஓடியது. கரடி சேவு தின்றுவிட்டுக் காரம் போதாது என்று… பாதியிலேயே நின்றுவிட்டது. அதற்குமேல் ஒரு வார்த்தைகூட ஓடவில்லை. கல்லை இறுகப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் வைத்தார். நின்றால் விழுந்துவிடுவோம் போலிருந்தது.

வளைவில் திரும்பினார்.

முகத்துக்கு நேரே படக்கென்று ஏதோ கறுப்பாய் விரிந்தது.

உயிர் ஒரு நொடி வெளியே போய்விட்டு வந்தது. ஓட வேண்டும் என்று நினைத்தார். கால் கேட்கவில்லை. கைகள் மட்டும் தாமாகவே மேலே எழுந்து குவிந்தன.

குடைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் மெல்லச் சொன்னது. "கும்பிடுது பாருங்க. அப்படியே கும்பிடுது."

"அண்ணாச்சி எழுதினதுல ஒரு எழுத்து பொய்யில்லை வேலம்மா" என்றது ஆண்குரல்.

"நான் கரடி இல்லை" என்றார் ஆவுடையப்பன்.

குடை கொஞ்சம் இறங்கியது. அதற்குமேல் இரண்டு ஜோடிக் கண்கள் தெரிந்தன. புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த முகத்தை அவை அடையாளம் கண்டுகொண்டன. அப்புறம் கிளம்பியது சிரிப்பு. தனுஷ்கோடி முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேலம்மா மரத்தில் சாய்ந்து சிரித்தாள். எங்களுக்காகக் கம்பளி போர்த்திக்கொண்டு வந்து நின்றீர்களா என்று கேட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஆவுடையப்பன் திரும்பிப் போகச் சொன்னார். சிரித்தார்கள். தான் இந்தப் பாதையில் வந்ததே இல்லை என்றார். பஸ்ஸில் போனேன் என்றார். பஸ் என்றதும் வேலம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

சொல்லச் சொல்லச் சிரித்தார்கள். அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் சிரிக்கிறதுக்குத்தான் என்று அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. பழக்கினவர் அவர்தான்.

அப்போது அவர்களுக்குப் பின்னால், பனிக்குள், ஒரு சத்தம் கேட்டது. யாரோ கொதிக்கிற காப்பியை ஊதி ஊதி உறிஞ்சுவது போல. புற்றில் வாயை வைத்துக் கரையானை உறிஞ்சுகிற சத்தம்.

சிரிப்புச் சத்தத்தில் அவர்கள் காதில் அது விழவில்லை.

பிறகு சத்தம் நின்றது. அதுதான் மோசம். உறிஞ்சிக்கொண்டிருந்தது எதுவோ, அது இப்போது காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆவுடையப்பன் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கம்பளி ஆடியது. தாடை கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. மறைக்க ஒரு வேடிக்கையும் அகப்படவில்லை. கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைக்கவும் கை வரவில்லை.

வேலம்மாவின் சிரிப்பு முதலில் நின்றது.

அவரையே பார்த்தாள். கல்லைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்ததைப் பார்த்தாள்.

"ஐயா" என்றாள் மெல்ல. "உங்களுக்குப் பயமா இருக்கா?"

"ஆமா."

அவள் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தனுஷ்கோடிக்கும் சிரிப்பு அடங்கியது. சத்தமில்லாமல் குடையை மடக்கினார்.

மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பனிக்கு முதுகைக் காட்டாமல், பின்னாலேயே அடி வைத்து நடந்தார்கள். அந்தப் பனிக்குள் ஒரு கிளை முறிந்தது. யாரும் ஓடவில்லை. முதல் பாறை வரை யாரும் அந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மடத்து வாசலில் சாத்தூர்க்காரர்கள் இருவரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அம்மை சுக்குத்தண்ணீர் கொடுத்தார். எதையும் கேட்கவில்லை. கம்பளியை வாங்கிக் கொடியில் போட்டார்.

பிறகு ஆவுடையப்பனிடம் வந்து சுமைதாங்கியைக் காட்டினார்.

"இப்போ வைக்கலாம்."

ஆவுடையப்பன் விரல்களைப் பிரித்தார். கல் உள்ளங்கையில் பதிந்து போயிருந்தது. அதைப் பார்த்தார். மறுபடியும் மூடிக்கொண்டார்.

"இருக்கட்டும் அம்மா, இன்னும் வேண்டியிருக்கும்" என்றார். "ரெண்டாம் பதிப்பு வருது."