நண்டு டீச்சரும் வறட்சி என்ற சொல்லும்

காட்டோரத்தில் ஒரு குளம் இருந்தது. அங்கே செல்லாயி என்ற நண்டு, கெண்டைக் குஞ்சுகளுக்குப் பாடம் நடத்தி வந்தது. அந்தக் குளத்தில் கரையேறி நடக்கத் தெரிந்தது செல்லாயிக்கு மட்டும்தான்.

அந்த வருஷம் மழை பெய்யவே இல்லை. வெளியே போய்ப் பார்த்த செல்லாயி பதறிப்போய்த் திரும்பியது. அக்கம்பக்கத்துக் குளங்கள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. இந்தக் குளத்திலிருந்து ஏரிக்குப் போகும் வாய்க்காலில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் ஓடியது.

"பிள்ளைகளா, இன்னைக்கு ஒரு புதுச் சொல். வறட்சி!"

"வறட்சி!" என்று குஞ்சுகள் ராகம் போட்டுக் கத்தின.

"அப்படின்னா என்ன டீச்சர்?" என்று கேட்டது மின்னி என்ற குட்டிக் கெண்டை.

"தண்ணியே இல்லாம போறது. அது வர்றதுக்குள்ள ஏரிக்குப் போயிடணும்."

"தண்ணி இல்லைன்னா, அங்கே வேற என்ன இருக்கும்?"

செல்லாயி அதைக் கண்ணால் காட்ட நினைத்தது. கரையேறிக் காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்து வந்தது. அது தண்ணீரில் கரைந்து சேறானது. பிறகு ஒரு சருகைக் கொண்டு வந்தது. அதுவும் நனைந்து போனது.

"இதுவும் ஈரமாத்தானே இருக்கு டீச்சர்!" வகுப்பே சிரித்தது.

வேறு வழி தெரியாமல், செல்லாயி மின்னியைக் கொடுக்கால் மெல்லப் பிடித்து, ஒரு நொடி தண்ணீருக்கு மேலே தூக்கியது. மின்னி வாயைப் பிளந்து துடித்தது. செல்லாயி உடனே அதை உள்ளே விட்டது.

"அம்மா!" என்று அலறியது மின்னி. "இங்கே இருக்க வேணாம்மா! ஏரிக்குப் போயிடலாம்!"

அதன் தாய் சேலா சீறிக்கொண்டு வந்தது. "பச்சைப்பிள்ளைக்கு இப்படியா பாடம் நடத்துவே? இனிமே எங்க பிள்ளைங்க பக்கமே வராதே!"

"என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்கம்மா. ஆனா கிளம்புங்க! இன்னும் ரெண்டு நாள்தான் ஏரிக்குப் போற வாய்க்கால்ல தண்ணி இருக்கும்!"

"இந்தக் குளம் என்னைக்கு வத்தியிருக்கு? பயமுறுத்தாதே, போ!"

மற்றத் தாய்களும் சேலாவோடு சேர்ந்துகொண்டன. வகுப்பு நின்றது. மின்னி மட்டும் அழுதுகொண்டே இருந்தது.

"வறட்சிம்மா... போயிடலாம்மா..."

"கெட்ட வார்த்தை பேசாதே!" என்று அதட்டியது சேலா.

மூன்றாம் நாள் வாய்க்கால் காய்ந்தது. அடுத்த பத்து நாளில் குளம் ஒரு குட்டையாகச் சுருங்கியது. குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்றாக நெளிந்தன. செல்லாயி தன் கொடுக்குகள் தேயத் தேயச் சேற்றைத் தோண்டியது. ஊற்று எதுவும் வரவில்லை.

சேலா சேற்றிலிருந்து தலையைத் தூக்கியது. "டீச்சர், அந்த வாய்க்கால் எந்தப் பக்கம்? இப்பவே போயிடறோம்."

செல்லாயி அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாய்க்கால் இல்லைம்மா" என்றது. தோண்டுவதை மட்டும் அது நிறுத்தவில்லை.

நாம் கண்டிராத ஆபத்தைக் கண்டு வந்து ஒருவர் சொல்லும்போது, அது நமக்குப் புரியாவிட்டாலும் செவிகொடுக்க வேண்டும். பட்டுத்தான் புரிந்துகொள்வேன் என்று இருந்தால், புரியும் நேரத்தில் வழி அடைபட்டிருக்கும்.