ஆறாம் ஆண்டுப் பலகை

இந்தக் கதையை எங்கே சொன்னாலும் அது சண்டையில்தான் முடிகிறது. பரவாயில்லை, நீங்களும் சண்டை பிடியுங்கள். ஆனால் அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் பிடிக்காதீர்கள். விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது.

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் ஹாலோஃபீல்ட் என்றொரு ஊர். நூற்று நாற்பது வீடுகள், ஒரு தேவாலயம், ஒரே ஒரு கடை. ஊர் எல்லையில் பச்சை நிறத்தில் ஒரு பலகை: "மாவட்டத்திலேயே குற்றம் குறைந்த ஊர். தொடர்ந்து ஐந்தாம் ஆண்டு." அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கிழமைக்கு இரண்டு தரம் அதைத் தாண்டித்தான் லொறியில் சாமான் இறக்கப் போவேன்.

கடை குகதாசனுடையது. சாவகச்சேரிக்காரர். மனைவி தவமலர். கடையை வாங்கி எட்டு மாதம்தான். பியரும் வைனும் விற்க அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். அது கிடைக்காவிட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அந்தப் பட்டிக்காட்டில் பாணும் பாலும் மட்டும் விற்று யார் பிழைத்தது?

அந்த ஊரில் அவர்களோடு முகம் கொடுத்துக் கதைத்தவர் ஒரே ஒருவர், எதிர்வீட்டு எனிட். எண்பத்திரண்டு வயது, தனிக்கட்டை. காலையில் பத்திரிகை வாங்க வந்து, தவமலரிடம் கேட்டுப் படித்த "வணக்கம்" என்ற சொல்லைத் தப்புத் தப்பாகச் சொல்லிவிட்டுப் போவார். மற்றவர்கள் வாயே திறப்பதில்லை. காசைக்கூடக் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள்.

மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. சாம்பல் நிற வேனில் இரண்டு பேர் வந்தார்கள். சுத்தியலால் கடைக் கண்ணாடியை உடைத்து, சிகரெட் பெட்டிகளை அள்ளி, குறுக்கே வந்த தவமலரைத் தள்ளி விழுத்திவிட்டுப் போனார்கள். அவளுக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஐந்து நிமிடம் கழித்து நான் சாமானோடு போய் இறங்கினேன். கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளியது நான்தான். எனிட் எல்லாவற்றையும் ஜன்னலால் பார்த்திருக்கிறார். வேனின் இலக்கத்தைப் பத்திரிகை ஓரத்தில் எழுதி, தானே பொலிசுக்கும் அறிவித்துவிட்டார்.

பொலிசுக்கு முன் கிளைவ் வந்தார். ஊர்ச்சபைத் தலைவர். அயல் காவல் குழுவுக்கும் அவரே தலைவர். உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். தவமலரின் கையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"இந்த மாதத்தோடு குற்றக் கணக்கு வருடம் முடிகிறது. ஆறாவது பலகைக்குச் சொல்லி வைத்துவிட்டோம். உங்கள் விண்ணப்பத்துக்கு ஊர்ச்சபை மறுப்புச் சொல்லக்கூடாது என்றுதான் நானும் பார்க்கிறேன்," என்றார். மிரட்டலாக ஒரு சொல் கிடையாது. எமகாதகன்!

அவர் போன கையோடு பொலிசிலிருந்து தொலைபேசி வந்தது. எனிட் என்றொரு அம்மா இப்படிச் சொல்கிறாரே, உண்மையா?

"காற்றுக்குக் கதவு அடித்து உடைந்தது," என்றார் குகதாசன். "பாவம், அந்த அம்மாவுக்கு வயதாகிவிட்டது."

"இஞ்சேருங்கோ, என்ன கதை கதைக்கிறியள்? எங்களுக்காகப் போன் எடுத்த மனுசியெல்லோ!" என்று தவமலர் பாய்ந்தாள்.

"நீர் பேசாமல் இரும். முதல்ல லைசென்ஸ் வரட்டும்."

பொலிசார் எனிட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பை எழுதினார்கள்: தவறான தகவல் தருபவர். வேன் இலக்கத்தை யாரும் தேடவில்லை. மே மாதம் ஆறாவது பலகை ஏறியது, லைசென்சும் வந்தது. அங்கேதான் குற்றமே இல்லையே என்று, பக்கத்தில் நின்ற ஒரேயொரு பொலிஸ் காரையும் நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

செப்டெம்பரில் ஒருநாள் பின்னேரம் மூன்று மணிக்கு அதே வேன் எனிட்டின் வாசலில் நின்றது. அன்று கடை பூட்டு. குகதாசனும் தவமலரும் லண்டனில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார்கள். எனிட் பொலிசை அழைத்தார். "அதே வேன், அதே இரண்டு பேர். கதவை உடைக்கிறார்கள்." மறுமுனையில் இருந்தவர் அந்தக் குறிப்பைப் பார்த்தார். கார் வரும், பொறுத்திருங்கள் என்றார்.

கார் வர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. எனிட் தலையில் அடிபட்டுச் சமையலறைத் தரையில் கிடந்தார். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போனது.

பிறகு ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மூன்று பேர் வாய் திறந்தார்கள்.

கிளைவ் கேட்டார்: "நான் பொய் சொல்லச் சொன்னேனா? அப்படி ஒரு சொல் காட்டுங்கள்."

பொலிஸ் அதிகாரி கேட்டார்: "கண்ணாடி உடைந்தவரே இல்லை என்றால் நாங்கள் யாரை நம்புவது?"

குகதாசன் அழுதார்: "லைசென்ஸ் கிடைக்காமல் போயிருந்தால் நாங்கள் நடுத்தெருவில் நின்றிருப்போம். என்னை வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?"

இப்போது நீங்கள் சொல்லுங்கள். எனிட் தரையில் கிடந்த அந்த ஒரு மணி ஐம்பது நிமிடத்துக்கு யார் பொறுப்பு?

விடை: கிளைவ் என்பீர்கள், பொலிஸ் என்பீர்கள், குகதாசன் என்பீர்கள். மூன்று பேரையும் நான் திட்டாத திட்டு இல்லை. ஆனால் ஒருவருக்குப் பலகை, ஒருவருக்குப் புள்ளிவிவரம், ஒருவருக்குக் கடை. காப்பாற்றிக்கொள்ள ஆளுக்கொன்று இருந்தது. எதிர்த்துக் கேட்ட தவமலருக்கும் அந்தக் கடைதான் சோறு. அவர்கள் தவிர, எல்லாம் தெரிந்தும் இழக்க எதுவுமே இல்லாத ஒருவன் அந்தத் தொலைபேசிக்குப் பக்கத்தில் விளக்குமாற்றோடு நின்றான். அவனைச் சொன்னீர்களா? கடை உடைபட்ட அந்தச் செவ்வாய்க்கு அடுத்த வெள்ளிக்கிழமை எனிட் வீதியைக் கடந்து வந்து என்னிடம் கேட்டார்: "உடைந்த கண்ணாடியையும் அவள் கையையும் நீயும் பார்த்தாய்தானே? பொலிசிடம் ஒரு வார்த்தை சொல்லேன்." இன்னும் நாலு கடைக்குப் போகவேண்டும் என்று சொல்லி நான் லொறியை எடுத்தேன்.