கிடா தலையாட்டிய பாட்டு

அந்தக் காலத்தில், ஆடு மாடெல்லாம் வாய்திறந்து பேசிய காலத்தில், கிரேக்க நாட்டு மலைச்சரிவு ஒன்றில் மெலாந்தோஸ் என்றொரு இடையன் இருந்தான். தாய் செத்துப்போன கிடாக்குட்டி ஒன்றை மடியில் போட்டு வளர்த்தான். பெண்டு பிள்ளை இல்லாதவனுக்கு அதுதான் எல்லாம். அவன் பாடினால் அது தலையாட்டிக் கேட்கும்.

ஒருநாள் அந்தக் கிடா, சாமி தோட்டத்துத் திராட்சைக் கொழுந்தைக் கடித்துவிட்டது. கொழுந்தைக் கண்டால் ஆடு சும்மா இருக்குமா? ஊரும் சும்மா இருக்கவில்லை. அறுவடைத் திருவிழாவில் அதைப் பலி கொடுப்பதென்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அதற்கும் ஒரு முறை இருந்தது. தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு தலையாட்டினால் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். பொழுது சாயும்வரை ஆட்டாவிட்டால் அவிழ்த்துவிட வேண்டும். வாயால் சொல்வதெல்லாம் செல்லாது. சாகப்போகிறவன் பேச்சை எந்த ஊர் கேட்டிருக்கிறது!

"அசையாம நில்லு ராசா. பொழுது சாஞ்சதும் வீட்டுக்குப் போயிரலாம்," என்றான் மெலாந்தோஸ்.

பூசாரி தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கை ஓய்ந்தார். கிடா கல்லாக நின்றது. சூரியன் மலை உச்சியைத் தொட்டபோது அதன் கால்கள் நடுங்கத் தொடங்கின.

"பயமா இருக்குப்பா. ஒரு பாட்டு பாடேன்."

பிள்ளை பயப்படுகிறது என்பதைத் தவிர வேறெதுவும் அவன் புத்தியில் ஏறவில்லை. அது குட்டியாக இருந்தபோது பாடிய தாலாட்டை எடுத்தான். கிடாவின் நடுக்கம் நின்றது. கண்ணை மூடிக்கொண்டது. பழக்க தோஷம், தலை மெல்ல ஆடியது.

"சம்மதம் கொடுத்திருச்சு!" என்று பூசாரி கத்தினார்.

"ஐயோ, இல்ல! பாட்டு நல்லா இருந்துச்சு, அதனாலதான்..."

கிடா சொல்லி முடிப்பதற்குள் கத்தி இறங்கிவிட்டது.

மெலாந்தோஸ் பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தினால், தலையாட்ட வைக்கத்தான் பாடியதாகவும் தானே கொன்றதாகவும் ஆகிவிடுமே என்று பயந்தான். அழுதுகொண்டே பாடினான். கூட்டமும் அழுதது. அழுதபடியே கறியைப் பங்கு போட்டுக்கொண்டது.

மறு வருஷம் பூசாரியே ஆளனுப்பினார். "அந்த ஆட்டுப் பாட்டை வந்து பாடச் சொல்லுங்க. மனசு விட்டு அழுது ரொம்ப நாளாச்சு."

கிரேக்க மொழியில் ட்ராகோஸ் என்றால் கிடா, ஓடே என்றால் பாட்டு. இரண்டும் ஒட்டி, ஆங்கிலத்துக்குப் போய், இன்று நம் வாயில் டிராஜடி என்று புழங்குகிறது. துக்கத்தில் முடியும் கதைக்கு ஆட்டின் பேர் ஒட்டிக்கொண்டது அன்று முதல்தான். ஆடுகள் பேச்சை விட்டதும் அன்று முதல்தான். பேசினால் மட்டும் யார் கேட்டார்கள்?