டிரைவர் அருளப்பனின் வலது கால்

“நீங்க ஒண்ணுமே சொல்லித் தரலையே டீச்சர்,” என்றார் டிரைவர் அருளப்பன்.

குறை சொல்வதற்கென்றே அன்று மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்திருந்தார்.

வத்தலக்குண்டில் அரிசிக் கடை மாடியில், உடம்புவலிக்காரர்களுக்காகத் தமயந்தி நடத்தும் பயிற்சி வகுப்பு அது. பாயில் படுக்கச் சொல்வாள். குதிகால் தரையில் எங்கே படுகிறது என்று கவனிக்கச் சொல்வாள். இடுப்பை நூலளவு அசைக்கச் சொல்வாள். உடனே, போதும், ஓய்வெடுங்கள் என்பாள். இதற்கு வீட்டிலேயே தூங்கியிருக்கலாமே என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

அவர் அவசரம் அவருக்கு. தலை நரைக்கும்வரை மலைப்பாதையில் பஸ் ஓட்டிய மனுஷன். ஒரு வருஷமாக வலது கால் இடுப்பிலிருந்து கட்டைவிரல்வரை இழுத்துப் பிடிக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. வரும் திங்கட்கிழமை டாக்டர் பார்த்து, கால் சரியில்லை என்று எழுதிவிட்டால் மலை வண்டி போச்சு. டிப்போவில் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டு பொழுதைத் தள்ள வேண்டியதுதான். அதை நினைத்தாலே சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

கடுமையாக ஏதாவது கொடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு செய்துவிடுகிறேன் என்றார்.

தமயந்தி அவரைவிட ரொம்பச் சின்னவள். கையிலிருந்த டீயைக் குடித்து முடித்தாள். சுவர்ப்பக்கம் காலை நீட்டிப் படுக்கச் சொன்னாள். காலியான பேப்பர் கப்பை அவருடைய வலது பாதத்துக்கும் சுவருக்கும் நடுவில் பொருத்தினாள்.

“இப்ப என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேணாண்ணே.”

இதென்ன பெரிய வித்தையா என்று கண்ணை மூடிக்கொண்டார்.

தெருவில் ஓர் ஆட்டோ ஹார்ன் அடித்தது.

கப் நசுங்கியது.

“நான் அசையவே இல்லையே,” என்றார்.

தமயந்தி கப்பை உருவி அவர் கையில் கொடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளையாட வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்க வாயெடுத்தவர், தலையைத் தூக்கித் தன் காலைப் பார்த்தார். பாதம் இன்னமும் சுவரை அழுத்திக்கொண்டிருந்தது.

“என்னத்தை மிதிக்கிறீங்க?”

“பிரேக்கை.”

அவர் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் தானாக வந்துவிட்டது.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். போன வருஷம், தூறல் நேரம், ஒரு வளைவு. விறகுக் கட்டோடு ஒரு பெரியவர் குறுக்கே வந்துவிட்டார். அருளப்பன் ஏறி மிதித்த மிதியில் வண்டி பெரியவரின் வேட்டியை உரசிக்கொண்டு நின்றது. இதை அவர் வீட்டில்கூடச் சொன்னதில்லை. அன்றைக்குப் பிடித்த பயம் அவரை விடவே இல்லை.

“பெரியவருக்கு அடி பட்டுச்சா?”

“ஒரு கீறல் இல்ல. என்னை வாய்க்கு வந்தபடி திட்டிட்டு நடந்து போயிட்டாரு.”

“ரோட்டைத் தாண்டிட்டாரா?”

“அவரு எப்பவோ தாண்டிட்டாரு டீச்சர்.”

தமயந்தி எழுந்து போய் இன்னொரு கப்பைக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தாள்.

“அப்ப காலை எடுங்கண்ணே.”