செவியார் கொடுத்த நற்சான்று

ஒரு நகரத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடை இருந்தது. அதன் மூன்றாம் மாடியில், பட்டுப்புடவைப் பிரிவில், நாற்பத்திரண்டு பெண்கள் வேலை பார்த்தார்கள். காலை ஒன்பதரைக்கு நிற்கத் தொடங்கினால் கடை அடைக்கும்வரை நிற்பதுதான் அவர்கள் உத்தியோகம். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு டோக்கன். போகிறவள் அதை மேலாளர் மேசையிலிருந்து எடுத்துப் போக வேண்டும். அவள் திரும்பி வந்து வைத்த பிறகுதான் அடுத்தவள் போகலாம்.

டோக்கன் சின்னப் பித்தளை வில்லை, நல்ல மனசுக்காரி. தன்னால்தான் இத்தனை பேர் தவிக்கிறார்கள் என்ற எண்ணம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. மேலாளர் தனுஷ்கோடியிடம் போய், "சார், டோக்கன்" என்று கேட்டால் அவர் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குக் கூச்சப்பட்டே பாதிப் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார்கள்.

கடைக்கு வெள்ளிவிழா ஆண்டு வந்தது. ஊழியர் நலனுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று முதலாளி ஆசைப்பட்டார். இன்னொரு டோக்கன் செய்யலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அது ரொம்பச் சாதாரண யோசனை அல்லவா? அதற்குப் பதிலாகக் கழிப்பறைச் சுவரில் ஒரு கருவியை மாட்டினார்கள். சிறுநீர் விழும் சத்தத்தைக் கேட்டே உடம்பின் நலத்தைச் சொல்லிவிடுமாம். வாசலில் கைரேகை வைத்துவிட்டுப் போனால் போதும், யாருக்கு எப்படி என்று மாலையில் அறிக்கை வந்துவிடும். அங்கிருந்த வாளி அதற்குச் 'செவியார்' என்று பெயர் வைத்தது.

"ஐயா என்ன படிச்சிருக்கீங்க?" என்று வாளி மரியாதையாக விசாரித்தது.

"ஒரு லட்சம் ஒலிப்பதிவுகள்," என்றார் செவியார். "எல்லாம் பெரிய மருத்துவமனையில் எடுத்தவை. கணீரென்று நீளமாக விழுந்தால் நலம். மெல்லிசாக, கொஞ்சமாக, அடிக்கடி விழுந்தால் கோளாறு. இந்தக் கணக்கு தவறியதே இல்லை."

"யாரு யாரு சத்தம்ங்க அது?"

"அறுபது வயதைத் தாண்டிய ஆண்களுடையது."

படித்தவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லாத குடும்பம் வாளியுடையது.

முதல் வாரமே செவியார் பூரித்துப்போனார். ஏழு மணி நேரம், எட்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்களின் சத்தம் கணீரென்று இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? ஒவ்வொருத்தி பேருக்கு நேரேயும் 'மிகச் சிறப்பு' என்று எழுதினார். இப்படி ஓர் ஆரோக்கியத்தை அவர் மருத்துவமனையிலேயே கேட்டதில்லை. ஒரே ஒருத்தி மட்டும் தேறவில்லை. அவள் முத்துப்பேச்சி.

முத்துப்பேச்சி இரண்டு மாதத்துக்கு முன்னால் சிறுநீரகத்தில் கிருமி ஏறி அரசு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தவள். "தண்ணி நிறையக் குடிக்கணும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை போயிரணும். இன்னொரு தரம் அடக்கினா கிட்னி தாங்காதும்மா" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவளும் தனுஷ்கோடியின் கடிகாரப் பார்வையைப் பொறுத்துக்கொண்டு அப்படியே செய்துவந்தாள். மாடியிலேயே உடம்பை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

'மெல்லிய ஓட்டம். அடிக்கடி வருகை. கோளாறு' என்று செவியார் எழுதினார்.

தனுஷ்கோடி அவளைக் கூப்பிட்டார். கொடுமைக்காரர் இல்லை, அக்கறையாகத்தான் பேசினார். "ஏம்மா பேச்சி, மிஷின் உனக்கு மட்டும்தான் கோளாறுன்னு சொல்லுது. பேசாம வீட்டுல இருந்து உடம்பைத் தேத்திக்கோ. சரியானப்புறம் பார்த்துக்கலாம்."

"சார், டாக்டர்தான் அடிக்கடி போகச் சொன்னாரு."

"டாக்டர் ஒருத்தர் சொல்றாரு. இது லட்சம் பேரைக் கேட்டுட்டு சொல்லுதும்மா."

வேலை போனால் ஊரில் இரண்டு தங்கைகளின் படிப்பு நிற்கும். முத்துப்பேச்சி, "ஒரு வாரம் பாருங்க சார். ரிப்போர்ட்டு நல்லா வரும்" என்றாள்.

அன்றே தண்ணீர் பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டு வரத் தொடங்கினாள். நாலாம் நாள் அவள் டோக்கனை எடுத்தபோது மாலை ஆறு ஆகியிருந்தது. அன்றைக்கு அதுதான் முதல் தடவை. அவள் உள்ளங்கைச் சூட்டில் டோக்கன் பதறிப்போனாள். உள்ளே போனவள் சுவரில் தலையை முட்டுக்கொடுத்து, "அம்மா, எரியுதே, தாங்கலையே" என்று அழுதாள்.

'கணீர் ஓட்டம். ஒரே வருகை. மிகச் சிறப்பு' என்று செவியார் எழுதினார்.

டோக்கனுக்கு ஆத்திரம் பொங்கியது. "ஐயா, அவ அழுததைக் கேட்டீங்களா இல்லையா?"

"மனிதக் குரல் விழுந்தால் உடனே அழித்துவிடுவேன்," என்றார் செவியார் பெருமையாக. "பெண்கள் கழிப்பறையில் ஒட்டுக்கேட்கிறவன் என்று என்னை நினைத்தாயா?"

"அவ கை கொதிக்குதுய்யா."

"கொதிப்புக்குச் சத்தம் கிடையாதே."

இவரிடம் பேசிப் பிரயோசனம் இல்லை என்று டோக்கனுக்குப் புரிந்துபோயிற்று. மறுநாள் காலை, முதலில் வந்தவளின் ஈரக்கையிலிருந்து வேண்டுமென்றே நழுவினாள். பீங்கானில் ஒரு தட்டுத் தட்டி நேரே குழிக்குள் விழுந்தாள். குழாய் வளைவில் போய்ச் சிக்கிக்கொண்டு, இருட்டில் காதைத் தீட்டிக் காத்திருந்தாள்.

அன்றைக்கு முகூர்த்தக் கூட்டம்; தனுஷ்கோடி கீழ்த்தளத்தில் மாட்டிக்கொண்டார். டோக்கன் இல்லாததால் யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பெண்கள் தாகம் எடுத்தபோது குடித்தார்கள், தோன்றியபோது போனார்கள். முத்துப்பேச்சி ஆறு தடவை வந்தாள். ஆறாவது தடவை அவள் மூச்சு இளகியிருந்ததை டோக்கன் கேட்டாள். பல வருஷங்களில் டோக்கன் சந்தோஷமாக இருந்த நாள் அது ஒன்றுதான்.

செவியாருக்கோ நடுக்கம் எடுத்துவிட்டது. 'மெல்லிய ஓட்டம். அடிக்கடி வருகை. நாற்பத்திரண்டு பேருக்கும் ஒரே நாளில் கோளாறு. தொற்று பரவுகிறது' என்று முதலாளிக்கே அவசர அறிக்கை அனுப்பினார்.

முதலாளி பதறிப்போய் தனுஷ்கோடியைக் கேட்டார். தனுஷ்கோடி மாடி முழுக்க அலசிக் காரணத்தைக் கண்டுபிடித்தார்: டோக்கனைக் காணோம். மறுநாள் கடை திறக்கும்போதே புது டோக்கன் வந்துவிட்டது. கை தவறி விழாதபடி ஒரு முழக் கட்டையில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள்.

அன்று முத்துப்பேச்சி மறுபடியும் மாலைவரை அடக்கிக்கொண்டாள். மாலையே செவியார் நிம்மதியாக எழுதினார்: 'நாற்பத்திரண்டு பேரும் பூரண குணம். முத்துப்பேச்சியின் முன்னேற்றம் எல்லோரையும்விட அதிகம்.'

முதலாளிக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. அடுத்த நாள் காலை, 'ஆரோக்கியத்தில் முதலிடம்' என்று போட்டு அவள் படத்தை மூன்றாம் மாடியில் மாட்டி மாலையும் போட்டார்கள். படத்துக்குரியவள் அப்போது ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள்.

குழாய் வளைவில் டோக்கன் நாள் முழுக்க அவள் காலடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். மேலே செவியார் அன்றைய பட்டியலை முடித்துக்கொண்டிருந்தார். முத்துப்பேச்சியின் பேருக்கு நேரே வந்ததும் கொஞ்சமும் யோசிக்காமல் எழுதினார்: 'சத்தம் எதுவும் இல்லை. கோளாறும் இல்லை.'