நீர்க்கோழியும் அவசரக்கார மானும்

காட்டோரக் குளம் ஒன்று வற்றிக்கொண்டிருந்தது. அதில் ஒரு நீர்க்கோழி தன் குஞ்சுகளோடு வாழ்ந்து வந்தது. பொழுது சாய்ந்தால் நரி வரும். ஒளிய ஆழத் தண்ணீர் இல்லை. நரி வருவதற்குள் ஆற்றுக்குப் போய்விட வேண்டும். குஞ்சுகளுக்கோ அவ்வளவு தூரம் நடக்கக் கால் போதாது.

ஆற்றுக்குக் கிளம்பிய எருமை, குஞ்சுகளைத் தன் முதுகில் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னது. அதன் ஆடி அசைந்த நடையைப் பார்த்த நீர்க்கோழி, "வேண்டாம் அக்கா, எனக்கு அவசரம்" என்று சொல்லிவிட்டது. எருமை தன் வழியே நடந்தது.

அங்கே துள்ளிக்கொண்டிருந்த மானைத்தான் நீர்க்கோழி கேட்டது. மானும் நல்ல பிள்ளைதான். கேட்டதுமே குஞ்சுகளை ஏற்றிக்கொண்டது. ஆனால் அதற்கு மெதுவாகக் கிளம்பவும் தெரியாது, மெதுவாக நிற்கவும் தெரியாது.

ஒரே பாய்ச்சல்! குஞ்சுகள் பின்பக்கமாக உருண்டு புல்லில் விழுந்தன. மான் திரும்பி வந்து ஏற்றியது. மறுபடி பாய்ந்தது. விழுந்துவிடுமோ என்று பயந்து சட்டென்று நின்றது. இந்த முறை கழுத்து வழியாக முன்னால் விழுந்தன. புதரில் தேடுவதும் ஏற்றுவதுமாக வெயில் இறங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தால் குளம் அதோ, பக்கத்திலேயே இருக்கிறது!

குஞ்சுகளின் கத்தலைக் கேட்டு, பாதி வழி போயிருந்த எருமை திரும்பி வந்தது.

"ஆத்துக்கு நாலு தரம் போய் வர்ற அளவுக்கு ஓடிட்டேன் அக்கா!" என்று மான் மூச்சு வாங்கியது.

"ஓடினது சரி தம்பி. கிளம்பின இடத்தைவிட்டு எவ்வளவு தூரம் போயிருக்கே?" என்று எருமை கேட்டது.

மான் குளத்தைத் திரும்பிப் பார்த்துத் தலை குனிந்தது.

குஞ்சுகள் எருமை முதுகில் ஏறின. அது கிளம்பியதே தெரியவில்லை. ஒரே சீராக நடந்தது. ஒரு குஞ்சு தூங்கியே போனது.

ஆறு கண்ணில் படும்போது பின்னால் நரியும் வந்துவிட்டது. மான் அதன் மூக்கருகே பாய்ந்து, சட்டென்று திரும்பி, வேறு பக்கம் ஓடியது. நரி ஆசையோடு துரத்திப் போய் ஏமாந்தது. சுமை இல்லாத மானை யார் பிடிப்பது?

குஞ்சுகள் தண்ணீரில் இறங்கியதும் நீர்க்கோழிக்குக் கண் கலங்கியது.

"உன் நடையைப் பார்த்து வேண்டாம்னு சொன்னேன். அதை மனசுல வெச்சுக்காம திரும்பி வந்தியே அக்கா. என் குஞ்சுங்க உசிரோட இருக்கிறது உன்னாலதான்" என்றது. மூச்சிரைக்க வந்து நின்ற மானையும் சிறகால் தடவிக்கொடுத்தது.

இடையில் எவ்வளவு பாய்ந்தோம் என்பதல்ல, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்தோம் என்பதே வேகம். அப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தவரை என்றும் மறக்கக் கூடாது.