பன்னிரண்டு போல்ட்

சீடருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு நாற்பத்தொன்று.

சீடர் சென்னியப்பன், நூல்மில்லில் இருபத்தெட்டு வருடம் ஃபிட்டராக இருந்தவர். காயலான் கடைக்குப் போக வேண்டிய சாமான்களை வைத்தே மெஷினை ஓட்டிக் காட்டியவர். சென்னியப்பன் தொட்டால் செத்த மோட்டார் எழுந்து டீ கேட்கும் என்று மில்லில் ஒரு பேச்சு உண்டு. மில்லை மூடியதும் அவர் வெளிநாட்டிலிருந்து வரைபடங்களை வரவழைத்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த தறிக் கொட்டகையில் ஆறு வருடம் உட்கார்ந்து ஒரு விமானம் கட்டினார். மரச் சட்டம், துணி போர்த்திய இறக்கை, இரண்டு பேர் உட்காரும் இடம். நாலு வருடமாக அது பறந்துகொண்டிருந்தது.

குரு பிலோமினா, விமானப் பராமரிப்பு இன்ஜினியர். பெரிய விமானங்களைக் கவனித்த வேலையை விட்டுவிட்டு, பல்லடத்துக்குத் தெற்கே சோளக்காடுகளுக்கு நடுவில் இருந்த ஒரு சின்ன ஓடுபாதைக்கு வந்து சேர்ந்திருந்தார். சென்னியப்பனுடையதையும் சேர்த்து அங்கே நிற்கும் ஐந்து விமானங்களும் அவர் கையெழுத்துப் போட்டால்தான் கிளம்பும்.

விமானக் கொட்டகையின் வாசலில் ஓர் அடி நீளத்துக்குத் தண்டவாளத் துண்டு ஒன்று கிடக்கும். பக்கத்தில் ஓர் உளி, ஒரு சுத்தியல். விமானத்திலிருந்து ஆயுசு முடிந்து கழற்றிய எந்தச் சாமானும் அந்தத் தண்டவாளத்தை முழுசாகத் தாண்டக் கூடாது. போல்ட் என்றால் அதன் திருகு மரை நசுங்க வேண்டும். ரப்பர்க் குழாய் என்றால் நீளவாக்கில் பிளந்தாக வேண்டும். அதன் பிறகுதான் புதுச் சாமானின் உறையைப் பிரிக்கலாம்.

முதல் வருடம் ஒரு பெட்ரோல் குழாயை மாற்றும்போதே சென்னியப்பன் கேட்டார்.

"வழவழன்னு இருக்குதுங்க. இன்னும் அஞ்சு வருசத்துக்குத் தாங்கும். நல்லா இருக்கறதை எதுக்குங்க அம்மணி கொல்லணும்?"

பிலோமினா கத்தியை நீட்டினார்.

"அறுத்துட்டுக் கேளுங்கண்ணா."

சென்னியப்பன் குழாயைத் தடவிப் பார்த்தார். கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிலோமினா தானே அறுத்துப் போட்டார். கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

அடுத்தடுத்த வருடங்களிலும் அதே கதைதான். இவர் கேட்பார். அவர் சுத்தியலையோ கத்தியையோ நீட்டுவார். "உடைச்சிட்டுக் கேளுங்க."

அந்தத் தண்டவாளம் ஒன்றைத் தவிர, குருவிடம் சென்னியப்பன் ரசிக்காதது எதுவும் இல்லை. கொட்டகைப் பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவம் வரைந்திருக்கும். ஓர் உருவம் காலியாகக் கிடந்தாலும் எந்த இன்ஜினும் கிளம்பாது. நட்டை முறுக்கும்போது யார் கூப்பிட்டாலும் பிலோமினா 'ம்' கூடச் சொல்ல மாட்டார். தவறிப் பேசிவிட்டால், முறுக்கிய எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். முடித்ததும் நட்டையும் போல்ட்டையும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுப்பார். நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஒருநாள் சாயங்காலம் ஸ்கூட்டரில் பல்லடம் வரை போன பிலோமினா திரும்பி வந்தார்.

"என்னங்க அம்மணி, எதையாச்சும் மறந்துட்டீங்களா?"

"ஒரு நட்டு கழலாம இருக்கப் போடற பின்னை வளைச்சேனான்னு ஞாபகமில்லண்ணா."

டார்ச் அடித்துப் பார்த்தார். வளைத்துத்தான் இருந்தது.

"வீணா வந்தீங்க."

"ஆமாண்ணா" என்று சிரித்துக்கொண்டே மறுபடியும் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சென்னியப்பன் மனைவி துளசிமணியிடம் சொன்னார். "இந்த மாதிரி ஒரு ஃபிட்டரு எங்களுக்கு இருந்திருந்தா மில்லை மூடியிருக்க மாட்டாங்க, புள்ள."

"மூடாம இருந்திருந்தா என் தறிக் கொட்டகையில ரெக்கை முளைச்சிருக்காது" என்றாள் துளசிமணி.

துளசிமணி இதுவரை எந்த விமானத்திலும் ஏறியதில்லை. இறக்கைக்குத் துணி தைத்தபோது ஊசி கோத்துக் கொடுத்தவள் அவள். அப்போதே சொல்லிவிட்டாள்: "என் ஆயுசுல மொத மொதல்ல ஏறுனா இந்தப் பட்சியிலதான் ஏறுவேன். ஆனா இருநூறு மணி நேரம் நீங்க பறந்து முழுசா வந்து காட்டோணும்."

நாலு வருடத்தில் அந்த இருநூறு மணி நேரம் இந்த வாரம்தான் நிறைந்தது. இந்த வாரமே மகளுக்குப் பிரசவ நாளும் நெருங்கியது. மகள் மஸ்கட்டில் இருந்தாள். திங்கட்கிழமை காலை துளசிமணிக்கு டிக்கெட். ஆக, மிச்சம் இருந்தது ஞாயிறு ஒன்றுதான்.

இருநூறு மணி நேரத்தில் புரொப்பெல்லரைப் பிடித்திருக்கும் ஆறு போல்ட்டுகளையும் மாற்ற வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கும் விதி. புது போல்ட்டுகள் கடல் கடந்து வந்து, உறை பிரிக்காமல் சென்னியப்பன் வீட்டில் இருந்தன. புதன்கிழமை அவர் பழைய ஆறையும் கழற்றினார். பிலோமினாவுக்கு அன்று வெளியூர் வேலை.

"ஞாயித்துக்கிழமை காலையில வந்துருவேன். அதுக்குள்ள அதுகளை உடைச்சு வெச்சிருங்கண்ணா."

"சரிங்க அம்மணி."

அவர் ஸ்கூட்டர் கண்ணுக்கு மறைந்ததும், சென்னியப்பன் ஆறு போல்ட்டுகளையும் டிபன் கேரியரின் அடித்தட்டில் போட்டு மூடினார்.

வீட்டில் அவற்றை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். பித்தளை பிரஷ்ஷால் மரை மரையாகத் தேய்த்தார். எண்ணெய்த் துணியால் துடைத்தார். இருநூறு மணி நேரத்துக் கறையும் போய், ஆறும் பளபளவென்று வந்தன. வெள்ளிக்கிழமை மத்தியானம், புது உறையையும் பிரித்து, இரண்டு ஆறையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே கம்பெனி. தலையில் ஒரே முத்திரை.

அப்போதுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. மில்லில் தேய்ந்த சாமானையும் தேயாததையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் தடவிச் சொன்னவர் அவர். கண்ணை மூடிக்கொண்டார். தட்டைச் சுழற்றிச் சுழற்றிப் பன்னிரண்டையும் கலந்தார். ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலை மரையில் ஓட்டினார்.

தெரியவில்லை.

மறுபடியும் ஓட்டினார். கண்ணைத் திறந்து பார்த்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். தெரியவில்லை.

சென்னியப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாலு வருடக் கேள்விக்குத் தானே பதில் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் துளசிமணி தயார். பட்டுப்புடவை, காதில் பஞ்சு, ஒரு பாத்திரம் நிறைய அரிசிம்பருப்பு சாதம். புரொப்பெல்லரை மாட்ட அரை மணி நேரம், சென்னியப்பன் தனியாக ஒரு சுற்றுப் போய்வரக் கால் மணி நேரம், அப்புறம் அவள் முறை. அதுவரை கொட்டகைக்குள் நின்ற விமானத்திலேயே உட்கார்ந்து பழகுகிறேன் என்று ஏறிக்கொண்டாள்.

பிலோமினா கை கழுவிவிட்டு வந்தார். சென்னியப்பன் மேஜை மேல் வெள்ளைத் துணியை விரித்து, பன்னிரண்டு போல்ட்டுகளையும் அதன் மேல் கொட்டினார்.

"அம்மணி, ஒரு பந்தயம்."

"காலங்காத்தாலயா?"

"இதுல ஆறு புதுசு. ஆறு புதன்கிழமை கழட்டுனது. பழசு எதுன்னு காட்டுங்க பாக்கலாம்."

பிலோமினா போல்ட்டுகளைப் பார்க்கவில்லை. சென்னியப்பனின் முகத்தைப் பார்த்தார்.

"உடைக்கலையா?"

"கோவிச்சுக்காதீங்க. மொதல்ல பாருங்க."

பிலோமினா ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தில் திருப்பினார். வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். அவசரப்படாமல் பன்னிரண்டையும் பார்த்தார்.

"எதுல தேச்சீங்க?"

"மண்ணெண்ணெய். அப்புறம் பித்தளை பிரஷ்ஷு."

"அருமையான வேலைண்ணா."

பிலோமினா லேசில் யாரையும் பாராட்டுகிறவர் இல்லை. சென்னியப்பனுக்கு உச்சி குளிர்ந்தது.

"பழசு எதுங்க அப்ப?"

"தெரியல."

"லென்ஸ் வேணுமா?"

"லென்ஸ்லயும் தெரியாது."

"அப்ப ஒத்துக்கிட்டீங்க! பழசுக்கும் புதுசுக்கும் ஒரு வித்தியாசமும் கெடையாது."

"உங்களுக்குத் தெரியுதாண்ணா?"

"எனக்கே தெரியலீங்க!" மார்பைத் தட்டிக்கொண்டு சொன்னார் சென்னியப்பன். "இந்த வெரலுக்கே தெரியலீங்க!"

பிலோமினா தலையசைத்தார். உள்ளே போய் நட்டு முறுக்கும் ஸ்பேனரையும் சிவப்பு மைப் புட்டியையும் எடுத்து வந்து, துணிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சரிண்ணா. ஆறு எடுங்க. அக்கா காத்திருக்காங்க."

சென்னியப்பன் ஒன்றை எடுத்தார். இரண்டாவதுக்குக் கை நீட்டினார்.

"ஏனுங் மாமா" என்று விமானத்திலிருந்து குரல் வந்தது. "இந்தப் பட்டையை இடுப்புல போடறதா, தோளுல போடறதா?"

சென்னியப்பன் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் துளசிமணியின் தலை மட்டும் தெரிந்தது. அவளுக்கு நேர் எதிரே, புரொப்பெல்லர் இருக்க வேண்டிய இடம் மொட்டையாக இருந்தது.

எடுத்ததைக் கீழே வைத்தார். வேறொன்றை எடுத்தார். அதையும் வைத்தார்.

"ஆறுதானுங்களே வேணும்?"

"ஆறுதான்."

"எதை எடுத்தாலும்..."

"எதை வேணாலும் எடுங்க."

"நீங்களே எடுத்துக் குடுங்களேன் அம்மணி."

"மாட்டப் போறது நீங்கதானேண்ணா."

சென்னியப்பன் துணியை உற்றுப் பார்த்தார். பன்னிரண்டும் அவரைப் பார்த்துப் பளபளத்தன.

"மில்லுல இதைவிட..." என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். விமானத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "எனக்கு மட்டும்னா கண்ணை மூடிட்டு மாட்டிக்குவனுங்க."

"தெரியும்ணா."

"புதுசு மறுபடி வர எத்தனை நாளாகுமுங்க?"

"மூணு வாரம்."

"மஸ்கட் பிளேனு நாளைக்குப் பத்து மணிக்கு."

பிலோமினா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போகவுமில்லை, நகர்த்தவுமில்லை.

சென்னியப்பன் துணியின் நாலு முனைகளையும் சேர்த்துப் பிடித்தார். மூட்டையாகத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். தண்டவாளத்தின் முன் குந்தி, உளியையும் சுத்தியலையும் கையில் எடுத்தார். வாழ்நாளில் அவர் இரும்பின் மேல் ஆயிரம் ஆயிரம் அடி அடித்திருக்கிறார். எல்லாம் நிமிர்த்துவதற்காக அடித்தவை. முதல் அடி வழுக்கித் தண்டவாளத்தில் பட்டது. இரண்டாவது அடியில் மரை நசுங்கியது.

பிறகு நிறுத்தவில்லை. பன்னிரண்டும் முடியும் வரை சத்தம் கேட்டது.

துளசிமணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"ஏனுங் மாமா, பறக்கறதுக்கு முன்னால இப்படியெல்லாம் தட்டோணுமா?"

"இன்னிக்குப் பறக்கலை, புள்ள."

"ஏன்?"

"நான் கெடுத்துப் போட்டேன்." புதுசையும் பழசையும் ஒன்றாகக் கலந்ததைச் சொன்னார். பிரஷ்ஷையும் சொன்னார். டிபன் கேரியரையும் விடாமல் சொன்னார்.

துளசிமணி ஸ்டூலில் உட்கார்ந்தாள். காதிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள். முதலில் இந்தப் பட்சியில்தான் ஏறுவேன் என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்த வார்த்தை, நாளைக்குப் பத்து மணிக்குப் பொய்யாகிவிடும். பஞ்சை முந்தானையில் முடிந்தாள். பிலோமினாவிடம் திரும்பினாள்.

"ஏங் கண்ணு, நாளைக்கு நான் ஏறப்போற அந்தப் பெரிய பிளேனு இருக்குதே, அதையும் உன்னை மாதிரி ஒருத்தர் பாப்பாங்களா?"

"பாப்பாங்கக்கா."

"நல்லா இருக்கறதைக்கூட உடைப்பாங்களா?"

"உடைப்பாங்க."

"அப்பச் சரி, ஏறலாம்." புருஷனைப் பார்த்தாள். "ஆறு மாசத்துல வந்துருவேன். அது வரைக்கும் எதையும் தேச்சு வெக்காதீங்க."

சாதத்தை எடுத்து வருகிறேன் என்று விமானத்தை நோக்கிப் போனாள். போகிற வழியில் இறக்கையை ஒரு தடவை தடவிவிட்டுப் போனாள்.

பிலோமினா துடைப்பம் எடுத்து வந்தார். சிதறிக் கிடந்த போல்ட்டுகளைத் தண்டவாளத்தின் அருகே ஒரே குவியலாகக் கூட்டினார்.

"இப்பக் கேளுங்கண்ணா."

சென்னியப்பன் குந்தியபடியே குவியலைப் பார்த்தார். கை இன்னும் சுத்தியலை விடவில்லை.

"ஆறு போல்ட்டுங்க அம்மணி. ஒரு நாள்கூடப் பறக்காதது. கப்பல் ஏறி வந்தது. அதுகளை எதுக்குங்க நான் உடைச்சேன்?"

"எந்த ஆறுண்ணா?" என்றார் பிலோமினா.

சென்னியப்பன் குவியலுக்குள் விரலை விட்டார். ஒன்றை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். வைத்துவிட்டார்.